குதிகால் சிஸ்டரும் எலுமிச்சம்பழமும்

காரைக்கால் மாவட்டத்தில் மனுஷனைக் கீழேயிருந்து மேலே பார்க்கிற ஒரே ஆள் குதிகால் சிஸ்டர்தான். நாமெல்லாம் ஒருத்தரைப் பார்த்தால் முதலில் முகம், அப்புறம் சட்டை, அப்புறம் கழுத்தில் கிடக்கிற சங்கிலி என்று இறங்குவோம். சிஸ்டர் முதலில் குதிகாலைப் பார்ப்பார். அங்கிருந்து கணுக்கால், இடுப்பெலும்பு, வால் எலும்பு, தோள்பட்டை, பின்மண்டை, காதுமடல் என்று ஏறுவார். அவர் நம் முகத்துக்கு வந்து சேர்வதற்குள் நமக்கு டிஸ்சார்ஜே ஆகிவிடும்.

காரைக்கால் டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில், ஐசியு என்கிறார்களே, அந்த வார்டுக்கு அவர்தான் தலைமை நர்ஸ். சட்டையில் பெயர்ப் பட்டை குத்தியிருப்பார்தான். ஆனால் மல்லாந்து கிடக்கிறவனுக்குப் பெயர்ப் பட்டை எங்கே தெரிகிறது? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தாடை, இரண்டு மூக்குத் துவாரம், ஒரு மூக்குத்தி. அதனால் வார்டில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் கூப்பிடுகிற பெயரையே நானும் எழுதுகிறேன். அவர் படித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். படிக்கவும் மாட்டார், ஒரே இடத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கம் படிப்பது உடம்புக்கு ஆகாது என்பது அவர் கட்சி.

நான் யாரென்று கேட்பீர்கள். மேடைப் பேச்சாளன். பெரிய ஆளெல்லாம் இல்லை, டிவியில் வந்ததில்லை. ஆனால் எங்கள் விழிதியூர் பக்கம் கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா எதுவானாலும், பட்டிமன்றம் என்றால் 'அந்த வாயாடியைக் கூப்பிடு' என்பார்கள். விட்டுக்கொடுப்பது கணவனா மனைவியா என்ற தலைப்பில் இரண்டு அணியிலும் பேசி இரண்டு அணியிலும் ஜெயித்தவன் நான். தோற்றதெல்லாம் வீட்டில்தான்.

சிஸ்டரை நான் முதலில் பார்த்ததே ஒரு மேடையில். மாமியார் கதை ஒன்று வைத்திருக்கிறேன். எந்த ஊரில் சொன்னாலும் கூட்டம் உருண்டு புரண்டு சிரிக்கும். அன்றைக்கு அந்தக் கதையின் உச்சத்துக்குப் போய், மூச்சை இழுத்துப் பிடித்து, கடைசி வரியைச் சொல்ல வாயைத் திறக்கிறேன். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து நேரே மேடைக்கு வந்தார். பொன்னாடை போடத்தான் வருகிறார் என்று நானும் தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தேன். என்னைத் தாண்டி நடுவரிடம் போனார்.

"ஐயா, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க."

நடுவர் நல்ல கனத்த சரீரம். "ஏம்மா?" என்றார் பயந்துபோய்.

"நானும் வந்ததுலேருந்து பாக்குறேன், ஒரே பக்கமா சாஞ்சு ஒக்காந்திருக்கீங்க. சர்க்கரை இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப மொதல்ல எந்திரிங்க. தோலு என்னத்துக்கு ஆவும்?"

நடுவர் எழுந்தார். பிளாஸ்டிக் நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது. அன்றைக்குக் கூட்டம் சிரித்த சிரிப்பை நான் என் ஆயுசில் வாங்கினதில்லை. என் கடைசி வரியை யாரும் கேட்கவே இல்லை. கீழே இறங்கினதும் விடுவேனா? "ஏம்மா, எம் பேச்சை இப்படிக் கெடுத்துட்டீங்களே, நியாயமா?" என்றேன்.

"பேச்சை நாளைக்கும் பேசலாம் சார். தோலு போச்சுன்னா நாளைக்கு வருமா?" என்று சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தார். "செருப்பு பின்னாடி தேஞ்சு கெடக்கு. மாத்துங்க."

வீட்டுக்கு வந்து குதிகுதியென்று குதித்தேன். என் மனைவி கஸ்தூரி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அந்தம்மா ஐசியுல இருக்கவங்களாம். நாம என்ன அங்க போயி அவங்ககிட்ட படுத்துக் கெடக்கப் போறமா? விடுங்க." வாய் முகூர்த்தம் என்பார்களே, அது என் வீட்டில் கொஞ்சம் ஜாஸ்தி.

அடுத்த மழைக்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் போன கையோடு கால் மரமரத்தது. உட்கார்ந்தே பேசினதால் வந்தது என்று அலட்சியமாக இருந்தேன். முழங்கால் மடங்கியது, அப்புறம் கை போனது, ஆட்டோவில் ஏற்றிக் காரைக்காலுக்குக் கொண்டுபோவதற்குள் மூச்சு திணறியது. ஏதோ நரம்பு வியாதியாம். "கீழேருந்து மேல ஏறும், அப்புறம் தானா எறங்கிடும். பொழைச்சுக்குவாரு. ஆனா நாளாகும், அதுவரைக்கும் மூச்சுக்கு மெஷின் வேணும்" என்றார் டாக்டர். தொண்டைக்குள் குழாயை விட்டார்கள். வாயை வைத்துப் பிழைத்தவனுக்கு வாய் போச்சு. எதிரணிப் பேச்சாளர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார்கள். அவர்கள் முகத்தில்தான் என்ன ஒரு நிம்மதி!

எனக்கு மிச்சம் இருந்தது காதும் கண்ணிமையும்தான். இதில் கொடுமை என்ன தெரியுமா? அசைவுதான் போனதே தவிர வலி போகவில்லை. ஈ உட்கார்ந்தால் தெரியும், விரட்ட முடியாது. ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்பு உறுத்துவது உயிர் போகும், புரள முடியாது.

சாவுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. என் பயம் வேறே. எங்கள் அப்பா பக்கவாதத்தில் விழுந்து வீட்டிலேயே கிடந்தார். நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. வேளாவேளைக்குக் கஞ்சி, கண்ணை மூடினால் 'பாவம், தூங்குறாரு, அசைக்காதீங்க' என்று ஆளாளுக்குக் காவல். யாரோ சொன்னார்கள் என்று காற்றடித்த டியூப் ஒன்றை வாங்கி இடுப்புக்கு அடியில் வைத்தோம். அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நெரிக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. முதுகடியில் புண் வந்தது. எத்தனை ஊதுபத்தி கொளுத்தினாலும் அந்த வாடை போகவில்லை. வாதத்தோடு அவர் இன்னும் பல வருஷம் இருந்திருப்பார். அந்தப் புண்ணுதான் அவரைக் கொண்டுபோனது. எனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பது ஒன்றுதான், அந்தக் கட்டிலில் கிடந்து நான் வேண்டிக்கொண்டது.

மறுநாள் காலை டூட்டிக்கு சிஸ்டர் வந்தார். மற்ற நர்சுகள் வந்ததும் மெஷினைப் பார்ப்பார்கள், சலைனைப் பார்ப்பார்கள். இந்த அம்மா வந்ததும் வராததுமாகக் கையை என் முதுகுக்கடியில் விட்டு, தலையிலிருந்து கால்வரை ஒரு துழாவு துழாவினார். பத்தாயத்துக்குள் கைவிட்டு நெல்லு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போமே, அந்த மாதிரி. துணியில் ஒரு மடிப்பு, ஊசி மூடி ஒன்று, எதுவும் தப்பாது. பிறகு நிதானமாக முகத்துக்கு வந்தார்.

"அடடே! பேச்சாளரா? என்ன, சத்தத்தையே காணோம்?"

எனக்கு வந்த கோபத்துக்கு இமையை மட்டும் படபடவென்று அடித்தேன்.

"பாத்தீங்களா, திட்டுறாரு! நல்லது, தெம்பாத்தான் இருக்காரு" என்று வார்டுக்கே அறிவித்துவிட்டு, என் காலடிக்குப் போனார். "குதிகால் ரெண்டும் மெத்தையில அழுந்துது பாரு. தலவாணி எங்கடி?"

இரண்டு மணிக்கொரு தடவை எங்கள் எல்லோரையும் புரட்டிப் போட வேண்டும் என்பது சட்டம். இடது, வலது என்றால் அவருக்கு ஆகாது. "நிக்கிறவளுக்கு ஒரு எடது, படுத்திருக்கவருக்கு ஒரு எடதா? அதெல்லாம் வேணாம். கடல் பக்கம், வயல் பக்கம். அவ்ளோதான்" என்பார். வார்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல், ஒருத்தருக்கும் குழப்பமில்லை. "பேச்சாளரே, கடல் பக்கம் போலாமா?" என்பார். ஏதோ நான் வரமாட்டேன் என்று சொல்லிவிடுகிற மாதிரி ஒரு நிமிஷம் பதிலுக்கு வேறு காத்திருப்பார்.

புரட்டும்போது இழுத்தால் போச்சு. ஒரு நாள் புதிதாக வந்த ஆயா ஒருத்தி என் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து மேலே இழுத்தாள். சிஸ்டர் வார்டின் அந்தக் கோடியிலிருந்து போட்ட சத்தத்தில் என் மூச்சு மெஷினே ஒரு கணம் தயங்கியது.

"ஏ! எந்த ஊர்டி நீ?"

"மண்டபத்தூரு சிஸ்டர்."

"எங்கூர்க்காரியா இருந்துக்கிட்டு இப்படிச் செய்யலாமா? மீன்புடி போட்டை மணல்ல தரதரன்னு இழுத்தா அடி தேயுமா தேயாதா? அதுக்கே அடியில உருளை போட்டுத் தள்ளுறோம். இது மனுசத் தோலுடி. துணியோட சேத்துத் தூக்கு. ரெண்டு பேராத் தூக்கு. ரெண்டு பேரு பத்தலைன்னா டாக்டரைக் கூப்பிடு, சும்மாத்தானே நிக்கிறாரு."

டாக்டர் உண்மையிலேயே வந்து ஒரு முனையைப் பிடித்தார். நல்ல மனுஷன் அவர். சிஸ்டர் மேல் அவருக்கு மரியாதை உண்டு. ஒரே ஒரு மனக்குறை, தலையணை. சிஸ்டர் ஒரு தலையணைத் திருடி. ஆஸ்பத்திரியில் கேட்பாரற்று ஒரு தலையணை கிடந்தால் மறுநாள் அது யாராவது ஒரு நோயாளியின் முழங்காலுக்கு நடுவில் இருக்கும். ஆபீஸ் நாற்காலி மெத்தை, ஆம்புலன்ஸ் டிரைவரின் திண்டு, எதையும் விட்டதில்லை. ஒரு நாள் டாக்டர் என் கட்டிலருகே வந்து நின்று என் கெண்டைக்காலையே உற்றுப் பார்த்தார்.

"சிஸ்டர், இது எங்க வீட்டு உறை. எம் பொண்டாட்டி பூ போட்டது."

"ஆமா சார்."

"எந் தலைக்கு என்ன பண்றது?"

"நீங்க நடந்து போறவரு, எங்கயாவது சாஞ்சுக்குவீங்க. அவரு குதிகால் காத்துல நிக்கணும். அவரு வீட்டுக்குப் போற அன்னைக்குத் திருப்பித் தரேன்."

டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அந்தப் பூ போட்ட தலையணையில் நான் கால் நீட்டிக் கிடந்த சுகத்தை என்னவென்று சொல்ல! டாக்டர் வீட்டம்மா நன்றாக இருக்கட்டும்.

எனக்குக் கடல் பக்கத்துக் கட்டிலில் ஒரு வயசான பாய். அவர் மகன் வளைகுடாவில் வேலை. பையனுக்கு லீவு கிடைக்கவில்லை. தினம் போனில் வீடியோவில் வந்து, "வாப்பாவைக் காட்டுங்க சிஸ்டர்" என்று அழுவான். சிஸ்டர் போனை வாங்கி நேரே காலடிக்குக் கொண்டுபோவார்.

"நல்லாப் பாருங்க தம்பி. எப்படி இருக்கு?"

"சிஸ்டர், இது... என்னது இது?"

"வாப்பாவோட குதிகால். பாருங்க, ஒரு கீறல் இருக்கா? கன்னுக்குட்டி மூக்கு மாதிரி வெச்சிருக்கேன்."

"அல்ஹம்துலில்லாஹ். மூஞ்சியக் கொஞ்சம் காட்டுங்களேன் சிஸ்டர்."

"மூஞ்சிக்கு என்ன, அது நல்லாத்தான் இருக்கு. இருங்க, இந்தக் குதிகாலையும் பாத்துருங்க."

அழுதுகொண்டு போன் போட்டவன் சிரித்துவிட்டு வைப்பான். கொஞ்ச நாளில் அவனே, "சிஸ்டர், இன்னைக்கு இடுப்பு எப்படி இருக்கு?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டான்.

வயல் பக்கத்துக் கட்டிலில் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். நிமோனியாக் காய்ச்சலில் நினைவு தவறித் தவறி வந்துகொண்டிருந்தது. உடம்பில் தெம்பே இல்லை. ஆனால் யாராவது புரட்ட வந்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு பலம் வந்துவிடும். மல்லாக்கக் கிடந்தவாறே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். அதட்டினார்கள், கெஞ்சினார்கள், மசியவில்லை. சிஸ்டர் அவர் சம்சாரத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்மா, வீட்டுல யாரு சொன்னா கேப்பாரு?"

"எவ சொல்லியும் கேட்டதில்லம்மா. பட்டாளத்துல கேட்டதோட சரி."

பட்டாளத்துப் பிரெஞ்சில் இடப்பக்கம், வலப்பக்கம் என்பதற்கு என்ன சொல்வார்கள் என்று சிஸ்டர் அந்தம்மாவிடமே பாடம் கேட்டுக்கொண்டு வந்தார். கட்டிலருகே விறைப்பாக நின்றார். "சொல்தா! அ கோஷ்!" என்று ஒரு அதட்டல். கண்ணை மூடிக் கிடந்த பெரியவரின் கை கம்பியிலிருந்து சட்டென்று விலகியது. இடுப்பைத் தானே தூக்கப் பார்த்தார். ஆயாக்கள் துணியோடு சேர்த்து அவரை இடப்பக்கம் சாய்த்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து, வலப்பக்கத்துக்கு "அ துருவாத்!" அதற்கும் கட்டுப்பட்டார். மூன்றாம் தடவை மட்டும், காய்ச்சல் மயக்கத்திலேயே உதட்டை அசைத்து ஏதோ முணுமுணுத்தார். உயிருக்கு ஆபத்தோ என்று எல்லோரும் காதைக் கொடுத்துக் கேட்டால், சிஸ்டரின் உச்சரிப்பைத் திருத்துகிறாராம்.

இந்தக் கூத்தையெல்லாம் கேட்டுச் சிரிக்க முடியாமல் சிரித்துக்கொண்டு கிடந்தேன். நாளாக ஆக எனக்கு அந்த அம்மா மேல் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. அவர் கை முதுகுக்கடியில் போய் வந்தால்தான் மனசு ஆறும். அவருக்கு லீவு என்று காதில் விழுந்தால் அடுத்த டூட்டி வரைக்கும் மணியை எண்ணிக்கொண்டு கிடப்பேன். கஸ்தூரிக்கும் இது தெரியும். பெண்டாட்டிக்குத் தெரியாமல் கண்ணிமையை வைத்துக்கொண்டு எதை மறைக்க?

அப்படித்தான் ஒரு நாள் சிஸ்டருக்கு லீவு. மண்டபத்தூரில் அவர் அண்ணன் மகள் கல்யாணம். அன்றைக்குப் பார்த்து நாகப்பட்டினம் ரோட்டில் ஒரு வேன் கவிழ்ந்து, அடிபட்டவர்களை வரிசையாகக் கொண்டுவந்துவிட்டார்கள். வார்டில் இருந்த நாலு கையும் அங்கே ஓடின. அதைக் குற்றம் சொல்ல முடியாது. உயிர் போகிறவனைத்தானே முதலில் பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து எங்கள் அத்தை உள்ளே வந்தார்.

அத்தை அப்பாவின் தங்கை. விழிதியூரில் அவர் வைத்ததுதான் சட்டம். நான் படுத்ததிலிருந்து அத்தை ஒரு சாமியை விட்டுவைக்கவில்லை. எங்கள் ஊரில் கஷ்டம் என்று வந்தால் மதம் பார்க்கிற வழக்கம் கிடையாது. தர்காவில் ஓதின கயிறு, மாதா கோயில் எண்ணெய், கோயில் திருநீறு எல்லாம் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. அன்றைக்கு அத்தை கொண்டுவந்தது மந்திரித்த எலுமிச்சம்பழம். 'ஒடம்புல பட்டுக்கிட்டே இருக்கணும், யாரு கண்ணுலயும் படக் கூடாது' என்று சொல்லி அனுப்பினார்களாம். அத்தை என் தலையைத் தடவினார், கன்னத்தைத் தடவினார், அப்படியே யாரும் பார்க்காதபோது முந்தானையிலிருந்து பழத்தை எடுத்து என் இடுப்புக்கடியில் சொருகினார். ராசியான கை. சரியாக வால் எலும்பில் போய் உட்கார்ந்தது.

சின்னப் பழம்தானே என்று நினைக்காதீர்கள். நாட்டு எலுமிச்சை, காயாக வேறு இருந்தது. முதலில் உறுத்தியது, அப்புறம் குத்தியது, அப்புறம் இடுப்பு முழுக்க நெருப்பாகப் பரவியது. என்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். இமையை அடித்தேன், அடித்தேன், அப்படி அடித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அத்தை கையைத் தட்டினார். "அடி கஸ்தூரி, இங்க வந்து பாருடி! பழம் வச்ச ஒடனே புள்ள கண்ணு எப்படி அடிக்குது பாரு! ஆனந்தக் கண்ணீருடி! சாமி வந்துருச்சு!"

கஸ்தூரி வந்து பார்த்து அவளும் அழுதாள். பார்வை நேரம் முடிந்து இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். நான் பழத்தின் மேல் கிடந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்பாவின் முதுகு கண்ணுக்குள்ளேயே நின்றது. இப்படித்தான் ஆரம்பிக்கும், அழுந்தி அழுந்தி, ரத்தம் ஓடாமல், தோல் கன்றி, அப்புறம் உடைந்து. கூப்பிடு தூரத்தில் இத்தனை பேர் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு 'ஐயோ' சொல்ல எனக்கு வாய் இல்லை. வாழ்நாளெல்லாம் மைக்கைப் பிடித்து எத்தனை ஆயிரம் வெட்டிப் பேச்சு பேசியிருப்பேன்! அத்தனையையும் வாங்கிக்கொண்டு எனக்கு அந்த ஒரு வார்த்தையைக் கொடு என்று கடவுளிடம் கெஞ்சினேன்.

மல்லிகை வாசனை அடித்தது. தலை நிறையப் பூ, பட்டுப்புடவை, நெற்றியில் சந்தனம். சிஸ்டர்.

"என்ன சிஸ்டர், கல்யாணத்துக்குப் போகல?" என்று யாரோ கேட்டார்கள்.

"போயிட்டுத்தான் வரேன். தாலி கட்டியாச்சு. பந்தி நடக்குது. சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்றார். கல்யாணம் மண்டபத்தூரில், ஆஸ்பத்திரி காரைக்காலில். எந்தப் பக்கமாக வந்தால் இந்தப் பக்கம் வரும்? கையில் போன் விடாமல் அடித்தது. அண்ணியாகத்தான் இருக்கும். மணப்பெண்ணின் அத்தை பந்தியிலிருந்து காணாமல் போனால் சும்மா விடுவார்களா?

பட்டுப்புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கையைக் கழுவி, கட்டில் கட்டிலாகத் துழாவிக்கொண்டே வந்தார். பாய், ஆச்சு. அடுத்து நான். கை உள்ளே போனது. நின்றது. எலுமிச்சம்பழம் வெளியே வந்தது.

"வயல் பக்கம் திருப்பு இவரை! ஓடியா!" கூடவே முதுகில் அவர் புறங்கையை வைத்துப் பார்த்தார். விரலால் ஒரு இடத்தை அழுத்தி எடுத்தார். மறுபடி அழுத்தினார்.

அத்தையைக் கூப்பிட்டு அனுப்பினார். அத்தை வந்தார், பழத்தைப் பார்த்தார், பத்ரகாளி ஆகிவிட்டார்.

"ஏம்மா, சாமி பழத்தை எடுக்க நீ யாரு? எம் புள்ள பொழைக்கட்டும்னு வச்சது!"

"சாமிக்கு முதுகுக்குக் கீழ என்ன வேலை? எம் புள்ளன்னு சொல்றீங்கள்ல, இங்க வாங்க. கையக் குடுங்க." அத்தையின் விரலைப் பிடித்து என் முதுகடியில் வைத்தார். "சூடு தெரியுதா? தடிப்பா இருக்கா? அமுக்கிட்டு எடுங்க. நெறம் மாறுதா பாருங்க. மாறல, அப்படின்னா அங்க ரத்தம் ஓடல. நம்ம நெறத்துக்குச் செவப்பு கண்ணுக்கு லேசுல தெரியாது, கைக்குத்தான் மொதல்ல தெரியும்."

அத்தை கையை எடுக்கவில்லை. நான் வயல் பக்கம் சாய்ந்து கிடந்ததால் முகம் தெரியவில்லை, குரல்தான் கேட்டது. அத்தைக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது.

"எங்கண்ணனுக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சிச்சு. நாந்தான் தொட்டுப் பாத்தேன். சூட்டுக் கட்டின்னு நெனச்சு வெங்காயம் வச்சுக் கட்டினோம்."

சிஸ்டரின் குரலும் இறங்கியது. "அழாதீங்கம்மா. தோலு இன்னும் ஒடையல. ஒடைய விட மாட்டேன். நீங்களும் கூட நில்லுங்க."

பழத்தை அவர் தூக்கிப் போடவில்லை. ஒரு துணியில் முடிந்து, சலைன் கம்பியில், தர்காக் கயிறு, மாதா எண்ணெய், திருநீற்றுப் பொட்டலம் எல்லாவற்றோடும் சேர்த்துத் தலைமாட்டில் தொங்கவிட்டார். "எல்லாரும் மேலேருந்து பாத்துக்குங்க. கீழ நான் பாத்துக்குறேன்" என்று அவர்களிடமும் சொல்லிவைத்தார். அப்புறம் போனை எடுத்து, "அண்ணி, வந்துட்டேன், வந்துட்டேன், பாயசம் எடுத்து வைங்க" என்றார். சாயங்காலம் வரைக்கும் போகவில்லை.

அதற்கப்புறம் நான் மல்லாந்து படுத்ததே கிடையாது. கடல், வயல், கடல், வயல். பார்வை நேரத்தில் எமன் வந்தால்கூட அத்தையைத் தாண்டி என்னிடம் வந்திருக்க முடியாது. சொந்தக்காரர் யாராவது, "பாவம், தூங்குறாப்ல இருக்கு, விடுங்க" என்று வாயைத் திறந்தால் போதும், "தூங்குனா என்ன? தூங்கிக்கிட்டே திரும்பட்டும்!" என்று பாய்வார். சிஸ்டர் நேரம் பார்ப்பார். அத்தை சிஸ்டரைப் பார்ப்பார். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்துவார்கள். "இன்னும் மாறல" என்பார் சிஸ்டர். அதைக் கேட்டு நான் செத்துச் செத்துப் பிழைப்பேன்.

ஒரு மத்தியானம் விரல் அழுத்தியது. எடுத்தது. மறுபடி அழுத்தியது.

"மாறுது!" சிஸ்டர் போட்ட கூச்சலில் டாக்டர் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்தார். "சார், பாருங்க, அமுக்குனா வெளுக்குது, விட்டா நெறம் வருது! ரத்தம் ஓடுது சார்! தோலு நின்னுருச்சு!" அத்தை எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியாமல் தலைமாட்டுக் கம்பியையே மொத்தமாகக் கும்பிட்டார். எனக்குக் கண்ணில் வழிந்தது. இந்த முறை அது ஆனந்தக் கண்ணீர்தான்.

டாக்டர் சொன்னபடியே வியாதி மேலிருந்து கீழே இறங்கியது. தோள் அசைந்தது, விரல் அசைந்தது, மெஷின் போனது, தொண்டைக் குழாய் போனது. அத்தனை நாளும் மனசுக்குள்ளேயே சிஸ்டருக்கு ஒரு நன்றியுரை தயார் செய்து வைத்திருந்தேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த பேச்சு. குரல் வந்த அன்றைக்குக் கரகரத்த தொண்டையைச் செருமிக்கொண்டு, "மதிப்பிற்குரிய சிஸ்டர் அவர்களே..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் திரும்பிக்கிட்டே பேசுங்க" என்றார்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று சக்கர நாற்காலியில் உட்கார்த்தினார்கள். பூ போட்ட தலையணை டாக்டருக்குப் போனது. சிஸ்டர் கஸ்தூரியிடம் என் முதுகைத் திருப்பிக் காட்டி, "தோலை முழுசா ஒப்படைச்சுட்டேன். அப்புறம் அங்க கிழிஞ்சிருந்துச்சு, இங்க பிஞ்சிருந்துச்சுன்னு வரக் கூடாது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடையில் பேசுகிற பேச்செல்லாம் மறந்துபோய், "சிஸ்டர், எங்கப்பாவுக்கு நீங்க கெடைக்கலியே" என்று மட்டும் சொன்னேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் கட்டில் உருளுகிற சத்தம். யாரோ ஒரு மீனவர். கடலில் விழுந்தவரைத் தூக்கி வந்திருக்கிறார்கள், நினைவில்லை. சிஸ்டர் போய்விட்டார். அந்த ஆளை நான் கிடந்த அதே கட்டிலுக்கு, துணியோடு சேர்த்து, இழுக்காமல் தூக்கி மாற்றினார்கள்.

"போயிட்டு வரோம்னு சொல்லிட்டு வந்துடறேங்க" என்று கஸ்தூரி உள்ளே போகப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. சிஸ்டர் குனிந்து அந்த ஆளின் முதுகுக்கடியில் கையை விட்டிருந்தார்.

"வேணாம் கஸ்தூரி. அந்தக் கை இப்ப அவனுக்கு வேணும்" என்றேன்.